காரைத் தாழ்த்தும் முன்: ஸ்பிரிங் மட்டும் போதுமா, காயிலோவர் வேண்டுமா?

விடியற்காலையில் கொழிஞ்சாம்பாறைச் சாலையில் நின்றால் கள் வண்டிகளைப் பார்க்கலாம். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் தென்னந்தோப்புகளில் இறக்கிய கள்ளைக் கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்கு ஏற்றிச் செல்லும் பிக்கப்புகள் அவை. போகும்போது பின்பக்கம் தணிந்திருக்கும். வேகத்தடையில் மெத்தென்று ஏறி இறங்கும். காலியாகத் திரும்பும் அதே வண்டி அதே வேகத்தடையில் துள்ளிக் குதிக்கும். காலிக் கேன்கள் சடசடவென்று மோதிக்கொள்ளும். ஸ்பிரிங் பட்டை மாறவில்லை, சாலையும் மாறவில்லை. மேலிருந்த எடை மட்டும்தான் இறங்கியிருக்கிறது.

ஒரு ஸ்பிரிங்கைக் கையில் எடுத்து இது நல்லது, இது கெட்டது என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு அந்த வண்டிகளே சாட்சி. அது எவ்வளவு எடையைத் தாங்குகிறது, அசைய எவ்வளவு இடம் இருக்கிறது, அதன் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர் எந்த நிலையில் இருக்கிறது என்பதையெல்லாம் பார்த்த பிறகே பேச வேண்டும். காரைத் தாழ்த்த விரும்பி என் வீல் அலைன்மென்ட் பட்டறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இவற்றில் எதையும் கேட்பதில்லை. எத்தனை விரல் இறங்கும் என்றுதான் கேட்கிறார்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை விரலால் அளப்பது இங்கே வழக்கம்.

போன ஆண்டு பொள்ளாச்சியிலிருந்து ஒரு தம்பி வந்தார். இரண்டு கதவுள்ள ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார், இரண்டாம் கையாக வாங்கியது. "அண்ணா, ஸ்பிரிங் மட்டும் மாற்றினால் போதுமா, காயிலோவர் போடுவதா?" என்று கேட்டார். காயிலோவர் என்பது உயரத்தை மாற்றக்கூடிய, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தொகுதி; விவரம் பின்னால் வரும். அந்தக் கேள்வியோடு வருகிற எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். சஸ்பென்ஷன் பற்றி எதுவுமே தெரியாதவர்களும் படிக்கலாம்.

முதலில் அடிப்படை. காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது அந்த அடியை வாங்கிக்கொள்வதும் அதுதான். ஆனால் வாங்கிய அடியை ஸ்பிரிங் வைத்துக்கொள்ளாது, உடனே திருப்பிக் கொடுத்துவிடும். கட்டிலின் மேல் குழந்தை குதிப்பது போலக் கார் மேலும் கீழும் ஆடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தை நிறுத்துவது ஷாக் அப்சார்பர். அதற்குள் எண்ணெய் இருக்கிறது. எண்ணெய்க்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சிறிய துளைகளும் வால்வுகளும். சக்கரம் அசையும்போது எண்ணெய் அந்தத் துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு போக வேண்டும். ஆட்டத்தின் வேகம் அங்கே சூடாக மாறித் தணிகிறது. மலைச்சாலையில் வேகமாக இறங்கி வந்ததும் ஷாக் அப்சார்பரைத் தொட்டுப் பார்த்தால் அந்தச் சூடு தெரியும்.

மூன்றாவதாக ஒரு பொருள் உண்டு. பலர் அதன் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். ஷாக் அப்சார்பரின் தண்டில் மாட்டியிருக்கும் ரப்பர் அல்லது கெட்டியான நுரைக் கட்டை, பம்ப் ஸ்டாப். ஸ்பிரிங் அமுங்கி அமுங்கி இனி இடமில்லை என்னும்போது இரும்போடு இரும்பு மோதாமல் காப்பது இதுதான். காரைத் தாழ்த்தியவர்கள் "அடிக்கிறது, தூக்கிப் போடுகிறது" என்று வந்து சொல்லும்போது, பெரும்பாலும் கார் ஸ்பிரிங்கின் மேல் ஓடிக்கொண்டிருக்காது, இந்தக் கட்டையின் மேல் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது இரண்டு வழிகளையும் பார்க்கலாம். தாழ்த்தும் ஸ்பிரிங் என்பது கம்பெனி ஸ்பிரிங்கைவிடக் குட்டையானது, கொஞ்சம் கெட்டியானது. பொதுவாக 20 முதல் 40 மி.மீ. வரை காரை இறக்கும். ஷாக் அப்சார்பர் பழையதே. ஸ்பிரிங்கை மட்டும் கழற்றி மாற்றுவார்கள். பல ஸ்பிரிங்குகளில் ஒரு முனையில் சுருள்கள் நெருக்கமாகவும் மறு முனையில் அகலமாகவும் இருக்கும். அமுங்க அமுங்க நெருக்கமான சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிட, மிச்சமுள்ள சுருள்கள் கெட்டியாக வேலை செய்யும். ஐபாக், எச் அண்ட் ஆர் போன்ற ஜெர்மன் கம்பெனிகள் இதில் பெயர் பெற்றவை.

காயிலோவர் என்பது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த முழுத் தொகுதி. ஷாக் அப்சார்பரின் உடலில் மரை வெட்டியிருக்கும். அந்த மரையில் ஏறி இறங்கும் வளையத்தின் மேல் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும். வளையத்தைத் திருகினால் கார் உயரும் அல்லது தாழும். நல்ல தொகுதிகளில் தலைப்பகுதியில் ஒரு குமிழும் இருக்கும். அதைத் திருப்பி எண்ணெய் ஓட்டத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். சொல்லின் நேர்ப்பொருளைப் பார்த்தால், ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஸ்பிரிங் இருப்பதெல்லாம் காயிலோவர்தான். 1940களின் இறுதியில் ஏர்ல் மெக்பெர்சன் என்ற பொறியாளர் வகுத்த ஸ்ட்ரட் அமைப்பும் அப்படிப்பட்டதே. இன்று நம் ஊரில் ஓடும் சாதாரணக் கார்களில் பெரும்பாலானவற்றின் முன்சக்கரத்தில் அதுதான் இருக்கிறது. ஆனால் கடையில் காயிலோவர் என்று கேட்டால், மரையும் வளையமும் உள்ளதைத்தான் எடுத்துத் தருவார்கள். ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ். போன்ற கார்களில் பின்சக்கரத்தின் ஸ்பிரிங் ஒரு இடத்திலும் ஷாக் அப்சார்பர் வேறு இடத்திலும் இருக்கும். அவற்றுக்கான காயிலோவர் தொகுதியிலும் பின்பக்கம் அவை தனித்தனியாகத்தான் வரும். பெட்டியைத் திறந்ததும் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

இனிமேல் வருவதுதான் இந்தக் கட்டுரையின் உயிர். ஒரு கணக்கு, பள்ளிக்கூடப் பெருக்கல் போதும். முன்சக்கரம் ஒன்றின் மேல் 360 கிலோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். கம்பெனி ஸ்பிரிங் ஒரு மி.மீ. அமுங்க 3 கிலோ கேட்கிறது. கார் சும்மா நிற்கும்போதே 120 மி.மீ. அமுங்கியிருக்கும். அதற்குமேல் பம்ப் ஸ்டாப் நசுங்கும் வரை இன்னும் 70 மி.மீ. இடம் மிச்சம் என்று கொள்வோம். பள்ளத்தின் அடியை வாங்கும் திறன், ஸ்பிரிங்கின் கெட்டித்தன்மையை மிச்ச இடத்தால் இருமுறை பெருக்கி இரண்டால் வகுத்தால் கிடைக்கும். 3 பெருக்கல் 70 பெருக்கல் 70, அதில் பாதி: 7,350.

இப்போது காரை 30 மி.மீ. தாழ்த்துகிறோம். ஸ்பிரிங்கையும் கெட்டியாக்குகிறோம், மி.மீ.க்கு 4 கிலோ. மிச்ச இடம் 40 மி.மீ. ஆகிவிட்டது. 4 பெருக்கல் 40 பெருக்கல் 40, அதில் பாதி: 3,200. ஸ்பிரிங் மூன்றில் ஒரு பங்கு கெட்டியாகியும், அடி வாங்கும் திறன் பாதிக்கும் கீழே போய்விட்டது. பழைய திறனை மீட்க வேண்டுமானால் ஸ்பிரிங் மி.மீ.க்கு 9 கிலோவுக்குமேல் இருக்க வேண்டும். அது பந்தயக் காரின் ஸ்பிரிங். அதன்மேல் உட்கார்ந்து வேலந்தாவளம் வரை போய் வந்தால் முதுகு கேள்வி கேட்கும்.

அதனால்தான் உயரத்தைப் பற்றிப் பேசும் முன் மிச்ச இடத்தைப் பற்றிப் பேசச் சொல்கிறேன். ஸ்பிரிங்கோ காயிலோவரோ, இந்தக் கணக்கிலிருந்து எதுவும் தப்ப முடியாது. காயிலோவரில் ஒரு வகை மட்டும் கொஞ்சம் வழிவிடுகிறது. மலிவான தொகுதிகளில் ஸ்பிரிங் உட்காரும் வளையத்தை இறக்கித்தான் காரைத் தாழ்த்த முடியும். அதில் தாழ்த்தும் ஒவ்வொரு மி.மீ.யும் மிச்ச இடத்திலிருந்து கழிகிறது. இன்னொரு வகையில் அடிப்பகுதித் தாங்கியே தனியாக மரையில் ஏறி இறங்கும். ஷாக் அப்சார்பர் அமுங்கும் இடத்தைத் தொடாமல் அதன் முழு உடலையும் குட்டையாக்கலாம். வாங்கும்போது இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் அங்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. ஷாக் அப்சார்பருக்கு இடம் மிச்சமிருந்தாலும் டயருக்கு மேலே இடம் இருக்க வேண்டுமே. அளவுக்குமேல் இறக்கினால் பம்ப் ஸ்டாப் தொடும் முன்பே டயர் உள் தகட்டை உரசும்.

அடுத்தது ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங் கெட்டியானால் அது திருப்பி உதைக்கும் வேகமும் கூடும். அதை அடக்க எண்ணெயின் எதிர்ப்பும் கூட வேண்டும். ஸ்பிரிங் 30 சதவீதம் கெட்டியானால், பழைய அடக்கம் கிடைக்க எதிர்ப்பு சுமார் 14 சதவீதம் கூட வேண்டும். நல்ல நிலையிலுள்ள கம்பெனி ஷாக் அப்சார்பர் அந்த அளவைச் சமாளித்துவிடும். 25 மி.மீ. இறக்கம், மிதமான கெட்டி, ஷாக் அப்சார்பருக்கும் வயது குறைவு என்றால், ஸ்பிரிங் மட்டும் மாற்றுவது நேர்மையான, சிக்கனமான வழி என்று தயங்காமல் சொல்வேன். நான்கு ஸ்பிரிங்குகள் ஆயிரங்களில் முடியும். தரமான காயிலோவர் லட்சத்தைத் தொடும், தாண்டவும் செய்யும்.

எண்ணெய் கசியும் பழைய ஷாக் அப்சார்பரின் மேல் புது ஸ்பிரிங் போடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். பார்க்க அழகாக இருக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஐந்தாவதைத் தாண்டுவதற்குள் கார் யாருடைய பேச்சையும் கேட்காது. வளைவின் நடுவே ஒரு மேடு வந்தால் சக்கரம் தரையை விட்டுவிடும். இரண்டாம் கைக் காருக்கு நான் முதலில் ஷாக் அப்சார்பரைத் துடைத்துப் பார்ப்பது இதனால்தான். துடைத்து, பத்து நாள் ஓட்டிவிட்டு வரச் சொல்வேன். தண்டின் அடியில் தூசி ஈரமாக ஒட்டியிருந்தால், புது ஸ்பிரிங் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவேன்.

தாழ்த்தினால் வளைவில் கார் ஒட்டிக்கொண்டு போகும் என்பது எல்லோரும் சொல்வது. பாதி உண்மை. காரின் எடை மையம் தரையிலிருந்து 500 மி.மீ. உயரத்தில் இருந்து, அதை 30 மி.மீ. இறக்கினால், வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்குத் தாவும் எடை 6 சதவீதம் குறையும். நல்லதுதான், ஆனால் பிரமாதமில்லை. மறுபாதி சங்கடமானது. வளைவில் காரின் உடல் சாயும்போது ஏதோ ஒரு புள்ளியை மையமாக வைத்தே சாய்கிறது, தொட்டில் கயிற்றின் முடிச்சை மையமாக வைத்து ஆடுவது போல. மெக்பெர்சன் ஸ்ட்ரட் உள்ள கார்களில் உடலை இறக்கும்போது, சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடுகிறது. உடனே அந்தச் சாய்வுப் புள்ளி, எடை மையத்தைவிட அதிகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் கடப்பாரை. கடப்பாரை நீண்டால் சாய்க்கும் பலமும் கூடும். தாழ்த்திய பிறகு முன்னைவிட அதிகமாகச் சாய்கிறது என்று சிலர் குழம்புவதற்குக் காரணம் இதுதான். ஆர்ம் தரைக்குச் சமமாக நிற்கும் அளவோடு நிறுத்திக்கொள்வது என் பழக்கம். அதைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். காரைச் சமதளத்தில் நிறுத்தி, குனிந்து பார்த்தால் போதும்.

காயிலோவர் வாங்குகிறவர்கள் அந்தக் குமிழைப் பற்றித் தெளிவாக இருக்க வேண்டும். அது ஸ்பிரிங்கைக் கெட்டியாக்குவதில்லை. எண்ணெய் போகும் வழியை மட்டும் குறுக்குகிறது. வாங்கியதும் முழுக்கக் கெட்டிப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு "பந்தயக் கார் மாதிரி இருக்கிறது" என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி வைத்தால் சிறு பள்ளத்தைக்கூடச் சக்கரம் பின்தொடராது. அடுத்தடுத்து மேடுகள் வந்தால், ஒன்றில் அமுங்கிய ஸ்பிரிங் விரிவதற்குள் அடுத்தது வந்துவிடும். கார் படிப்படியாகக் கீழே உட்கார்ந்து கடைசியில் பம்ப் ஸ்டாப்பின் மேல் நிற்கும். முழு மெதுவிலிருந்து தொடங்கி, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே சாலையில், இரண்டிரண்டு கிளிக்காகக் கூட்டிப் பாருங்கள். இடமும் வலமும் ஒரே எண்ணிக்கை. எத்தனை கிளிக் என்று ஒரு சீட்டில் எழுதி டேஷ்போர்டில் வையுங்கள்.

நம் பக்கத்துக்கென்று இன்னொரு விஷயம். பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவமழை வந்து இறங்கும் ஊர்கள் இவை. செம்மண் சேறு காயிலோவர் மரையில் புகுந்து, காய்ந்து, துருவோடு சேர்ந்துகொண்டால் வளையம் அசையாது. உயரத்தை மாற்றலாம் என்பதற்காகத்தானே அவ்வளவு பணம் கொடுத்தோம்? மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை மரையைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, துருத்தடுப்புப் பசை தடவ வேண்டும். அந்த வேலைக்கு மனமில்லாதவர்களுக்குக் காயிலோவரை நான் சிபாரிசு செய்வதில்லை. கோவை செட்டிபாளையத்தில் எஸ். கரிவரதன் பெயரில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் காரை ஓட்டிப் பார்க்கிறவர்களுக்கு, ஓட்டத்துக்கு ஓட்டம் உயரத்தையும் எண்ணெய் எதிர்ப்பையும் மாற்றிப் பார்க்க நினைப்பவர்களுக்கு, அது உண்மையான கருவி. நான்கு சக்கரங்களின் எடையையும் தனித்தனித் தராசில் வைத்துச் சமன் செய்ய வேறு எளிய வழியும் இல்லை.

வேகத்தடைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இந்திய சாலைகள் பேரவையின் வழிகாட்டுதல்படி வளைவான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் உடையதாக, மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடக்கத் தக்கதாக இருக்க வேண்டும். ஊருக்குள் தாரைக் குவித்துப் போடும் தடைகளுக்கு அந்த அகலம் ஏது? குறுகலாக, செங்குத்தாக நிற்கும். வீட்டிலிருந்து வேலை செய்யும் இடம் வரை உள்ளவற்றில் மிக மோசமானது எது என்று பார்த்து, அதை அளந்துகொண்டு வாருங்கள். உங்கள் இறக்கத்தை அந்த ஒரு தடைதான் தீர்மானிக்கும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வாகனம் மாறுபடும்படி மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை உறுதியாக நிலைநிறுத்தியது. அதே ஆண்டின் திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மாநில எல்லையைத் தாண்டி அடிக்கடி போகிறவர்கள், பணம் கொடுக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

மாட்டும் வேலையை வீட்டில் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மெல்லிய ஸ்பிரிங்கைக்கூட 100 மி.மீ. அமுக்கி வைத்தால், அதற்குள் அடைந்திருக்கும் சக்தி, 15 கிலோ கல்லை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். கவ்வி வழுக்கினால் முகம் போய்விடும்.

பொள்ளாச்சித் தம்பியின் காருக்கு வருகிறேன். காரைத் தூக்கி, பின் ஷாக் அப்சார்பரின் தூசி மூடியை மேலே தள்ளி, தண்டில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்கிக் கட்டி, ஷாக் அப்சார்பரின் உடலோடு ஒட்டும்படி கீழே இறக்கி வைத்தேன். சக்கரம் அமுங்கும்போது உடல் மேலே வந்து அந்த டையைத் தள்ளும். விரியும்போது டை அங்கேயே நின்றுவிடும். மிக ஆழமாக அமுங்கிய இடத்தை அது காட்டிக்கொடுக்கும். இரண்டு ரூபாய்ப் பொருள். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் வழக்கம்போலப் போய்விட்டு, ஒரு முறை வால்பாறையும் ஏறி இறங்கி வரச் சொன்னேன்.

அடுத்த வாரம் வந்தார். காரைத் தூக்கியதும் இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தோம். டை பம்ப் ஸ்டாப்பின் அடியில் பதிந்து, கட்டையில் மெல்லிய கோடு விழுந்திருந்தது. கம்பெனி உயரத்திலேயே மிச்ச இடம் முழுதும் தீர்ந்திருக்கிறது. வலப்பக்க ஷாக் அப்சார்பரில் எண்ணெய் ஈரம். அவர் ஒன்றும் பேசவில்லை. விரலால் அந்த ஈரத்தைத் தொட்டு, தேய்த்து, முகர்ந்து பார்த்தார்.

அவருக்குக் காயிலோவரும் வேண்டாம், வெறும் ஸ்பிரிங்கும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். பலருக்குத் தெரியாத மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: ஒன்றுக்கொன்று பொருத்திச் செய்த ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் அடங்கிய தொகுதி. பில்ஸ்டீன், ஐபாக் போன்றோர் விற்கிறார்கள். உயரத்தை மாற்ற முடியாது; ஆனால் தாழ்ந்த உயரத்துக்கென்றே குட்டையான உடல், கெட்டியான ஸ்பிரிங்குக்கென்றே வகுத்த வால்வுகள். பந்தயத்துக்குப் போகாத, தினமும் ஓட்டுகிற ஸ்போர்ட்ஸ் காருக்கு, கிட்டத்தட்ட எப்போதும் என் முதல் சிபாரிசு அதுதான். அவர் எடுத்தது 25 மி.மீ. இறக்கும் தொகுதி.

மாட்டும்போது ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். ஆர்ம்களின் மூட்டுகளில் உள்ள ரப்பர் உருளைகளின் (புஷ்) போல்ட்டுகளைக் காரைத் தூக்கிய நிலையில் இறுக்கிவிட்டால், இறக்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். சில மாதங்களில் கிழியும். அதனால் கையளவு மட்டும் திருகி, நான்கு சக்கரமும் எடையைத் தாங்கும்படி சரிவுப் பலகையில் நிறுத்திய பிறகே கடைசி இறுக்கம் கொடுத்தேன். ஸ்பிரிங் படிந்து உட்கார 300 கி.மீ. ஓட விட்டு, பிறகு வீல் அலைன்மென்ட். தாழ்த்தியதால் சக்கரங்கள் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருந்தன. முன்சக்கரங்களின் நேர்க்கோடும் விலகியிருந்தது. அதைச் சரிசெய்யாமல் ஓட்டியிருந்தால் டயரின் உள்விளிம்பு சீக்கிரமே நூல் தெரியத் தேய்ந்திருக்கும். முகப்பு விளக்கின் கோணத்தையும் திருத்திக் கொடுத்தேன்.

புதிய தண்டிலும் ஒரு கேபிள் டை கட்டி அனுப்பினேன். வால்பாறை போய் வந்து காட்டினார். பம்ப் ஸ்டாப்புக்கும் டைக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழைந்தது.